ஆமாம் போட ஓர் ஆள்



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் அழைப்பிதழில் 'தமிழ்ச் சுயாதீன இசை: இன்றும் நாளையும்' என்று தலைப்பு அச்சாகியிருக்கிறது. அந்தத் தலைப்பைக் கொடுத்தது நான்தான். வேறு யார்மேலும் பழிபோட வழியில்லை. கொடுத்து ஆறு மாதம் ஆகிறது. இந்த ஆறு மாதமும் தினம் ஒரு மணி நேரம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு புதிதாக வந்த பாட்டுகளைக் கேட்டேன். கேட்கக் கேட்க, பேசுவதற்கு எடுத்த குறிப்புகள் மெலிந்துகொண்டே வந்தன. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனம் சலித்து, தியேட்டரில் தவறவிட்ட ஒரு சிரிப்புப் படத்தை வீட்டில் போட்டுப் பார்த்தோம். இரண்டு மணி நேரம் சிரித்தோம், நடுவில் இரண்டு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டோம். எழுந்தபோது என் தலைப்புக்கு வேண்டிய விஷயம் அந்தப் படத்தில்தான் இருக்கிறது என்று தோன்றியது. ஆகவே இன்றைய பேச்சில் பாதி இசை, பாதி சினிமா. தலைப்பை மீறியதற்காக அறக்கட்டளையார் மன்னிக்க வேண்டும்.

இந்த அறக்கட்டளை யார் நினைவாக நடக்கிறதோ அவரைப் பற்றி எனக்கு முன் பேசியவர்கள் நிறையச் சொன்னார்கள். நான் அவரைக் கூப்பிட்டது அண்ணாச்சி என்று மட்டும்தான். இங்கும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன்.

1980களின் கடைசியில் பாளையங்கோட்டையில் அவருக்கு ஒரு ரெக்கார்டிங் கடை. ஆறடிக்கு எட்டடி இருக்கும். சீட்டில் பாட்டுகளை எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளில் கேசட்டில் பதிந்து தருவார். அறுபது நிமிடக் கேசட் என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஆறு பாட்டு போட்டால் இரண்டு மூன்று நிமிடம் மிச்சமாகும். மற்ற கடைக்காரர்கள் அதைச் சும்மா விட்டுவிடுவார்கள். அண்ணாச்சி விடமாட்டார். நாம் கேட்காத எதையாவது போட்டு நிரப்பியிருப்பார். சில சமயம் 'திருவிளையாடல்' ஒலிச்சித்திரத்தில் நாகேஷின் தருமி புலம்புவான். சில சமயம் கவுண்டமணி செந்திலைத் திட்டுவார். சீட்டில் இல்லாததை ஏன் போட்டீர்கள் என்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. எனக்கோ பாட்டு முடிந்ததும் அந்த மிச்சத்தில் என்ன வரும் என்ற எதிர்பார்ப்புதான் பெரிது.

அந்த மிச்சத்தில் சில நாள் வில்லுப்பாட்டும் வரும். அண்ணாச்சி கொடை விழாக்களுக்கு டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதிவு செய்வார். ஒருமுறை சைக்கிள் கேரியரில் பேட்டரிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நானும் கூடப் போனேன். மைக்கைப் புலவர் முன்னால் வைப்பார் என்று நினைத்தேன். அவர் வைத்தது பக்கத்தில் உட்கார்ந்து ஆமாம் போடுகிறவர் முன்னால். கேட்டதற்கு, "பாட்ட ஸ்பீக்கரே ஊரு பூரா கொண்டு போயிரும்ல. பக்கத்துல இருக்கவன் சொல்லுததுதாம்ல காத்தோட போயிரும்" என்றார்.

வில்லுப்பாட்டுக் கேட்டுப் பழகாத மாணவர்களுக்காக ஒரு வார்த்தை. வில்லை வீசுகோலால் தட்டிக் கதை பாடுகிறவர் புலவர். குடம், உடுக்கை, கட்டை, ஜால்ரா என்று கூட நாலைந்து பேர். அதில் ஒருவருக்கு முக்கியமான வேலை ஒன்று உண்டு. புலவர் ஒரு வரி சொன்னதும் 'ஆமா' என்பார், 'அப்புறம்' என்பார், சமயத்தில் 'அதெப்படி?' என்று மடக்குவார். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் கிழவி மனசில் எழும் கேள்வியை மேடையிலேயே அவர் கேட்டுவிடுவார். சிரிப்பு பிறக்கும் இடமும் அதுதான். சுடலைமாடன் கதையின் உக்கிரத்துக்கு நடுவே அந்த ஊர்ப் பால்காரர் தண்ணீர் கலப்பதைப் பற்றி ஒரு வார்த்தை வந்து விழும், கூட்டம் குலுங்கும், பால்காரரும் சிரிப்பார். அன்றாட வழக்கில் ஆமாம் போடுகிறவன் என்றால் முதலாளிக்குத் தலையாட்டுகிறவன். வில்லில் ஆமாம் போடுகிறவர் கதையைத் தரையில் நிறுத்துகிறவர். இன்றைய சுயாதீன இசையில் நான் தேடியும் கிடைக்காத ஆள் இவர்தான்.

சினிமாவுக்கு வெளியே தமிழ்ப் பாட்டு நேற்றுப் பிறந்தது என்று இளைஞர்கள் நினைக்க வேண்டாம். டி.எம். சௌந்தரராஜனின் முருகன் பாட்டுகள், எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகள், நாகூர் ஹனிபாவின் இஸ்லாமியப் பாடல்களும் கட்சிப் பாடல்களும், விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன், புஷ்பவனம் குப்புசாமி ஆகியோரின் நாட்டுப்புறக் கேசட்டுகள், வடசென்னையின் கானா எல்லாம் சினிமாவின் தயவு இல்லாமல் தெருத்தெருவாகப் போனவை. அவற்றைச் சுயாதீன இசை என்று யாரும் அழைக்கவில்லை. அவர்களுக்கு அந்தப் பட்டம் தேவைப்படவும் இல்லை. ஆடியில் மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி இருந்தது, மிலாது ஊர்வலம் இருந்தது. எந்தப் பாட்டு யாருக்கு என்று பாடியவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும்.

பிறகு வந்ததைத்தான் ஜனங்கள் 'ஆல்பம் பாட்டு' என்கிறார்கள். 2006-இல் மலேசியாவிலிருந்து யோகி பி-யும் நட்சத்ராவும் கொண்டுவந்த 'வல்லவன்' இங்கே கல்லூரி விடுதிகளை அதிரவைத்தது. 2012-இல் ஹிப்ஹாப் தமிழாவின் 'ஹிப்ஹாப் தமிழன்'. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் பா. ரஞ்சித்தும் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியது. கானாவும் ராப்பும் பறையும் ஒரே மேடையில் நின்று சாதியைப் பெயர் சொல்லிப் பேசின. இதற்காக என் தலைமுறை காத்திருந்தது என்று அன்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தது. பாடியவர்கள் தீ, அறிவு. இசை சந்தோஷ் நாராயணன். அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் திரும்பி வந்தவர். அந்தப் பாட்டுக்குள் இருப்பது அவர் வாழ்க்கை. 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட எண்ணிக்கை 5,25,000. காடாக இருந்த மலையைத் தோட்டமாக்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இரண்டு கரையிலும் சொந்தமாக ஒரு பிடி மண் இல்லாமல்போனது. எங்கள் ஜில்லாவிலிருந்தும் கண்டிச் சீமைக்குப் போன குடும்பங்கள் ஏராளம். அந்தக் கதையை ஒரு ராப் பாட்டு கேட்டவர் கால் ஆட ஆடச் சொல்லிவிட்டது. கல்யாண வீட்டில் சின்னப் பிள்ளைகள் ஆட, ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா அதன் ஒப்பாரிச் சாயலைக் கேட்டுத் தலையாட்டியதை நான் பார்த்தேன். ஆமாம் போட அங்கே ஆள் இருந்தது.

பிறகு நடந்தது உங்களுக்கும் தெரியும். பாட்டு யாருடையது என்ற சச்சரவு 2022-இல் சந்திக்கு வந்தது. அந்தப் பாட்டால் தங்களுக்கு அதுவரை ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் சொன்னார். உலகமே கேட்ட பாட்டுக்கே அந்தக் கதி என்றால், சினிமாப் பக்கம் போகாமல் பாட்டை மட்டும் நம்பி நிற்க எந்தப் பையனுக்குத் தைரியம் வரும்? இன்றைய பாட்டுகள்மீது எனக்கு இருக்கும் ஏமாற்றத்தைச் சொல்லும்போது இந்தக் கேள்வியை மறந்துவிட்டுப் பேசமாட்டேன்.

சரி, ஏமாற்றம் என்ன?

ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டை முப்பது நொடி கேட்டால்தான் அது கேட்டதாகக் கணக்கில் ஏறும். ரீல்ஸில் அதைவிடவும் அவசரம். ஆகவே பாட்டு தொடங்கும்போதே அதன் உச்சத்தில் தொடங்குகிறது. முன்னிசை கிடையாது, வாசல் கிடையாது. நேரே அடுப்படிக்குள் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அதையே பதினாறு முறை சுற்றுகிறார்கள். சரணம் வரும்போது எழுதியவருக்கே ஆர்வம் போய்விட்டது தெரிகிறது. சினிமாப் பாட்டிலும் இதே நோய் உண்டு. ஆனால் அங்கே கதைக்காக வளைந்தோம் என்று சொல்ல இயக்குநர் இருக்கிறார், தயாரிப்பாளர் இருக்கிறார். இங்கே யார் கழுத்தைப் பிடித்தார்கள்?

இரண்டாவது, படம். முன்பு சினிமாவில் நடனம் அமைத்தவர்கள், சினிமாவுக்கு எழுதுகிறவர்கள், சினிமாப் பாட்டு விற்கும் அதே நிறுவனங்கள் சேர்ந்து எடுக்கும் நாலு நிமிடப் படத்துக்குச் சுயாதீனம் என்று பெயர். கதாநாயகன் உண்டு, கதாநாயகி உண்டு, கல்யாண வீடு உண்டு, மழையும் உண்டு. படம்தான் இல்லை. 2024-இல் சாய் அபயங்கரின் 'கட்சி சேர', 'ஆச கூட' இரண்டும் வந்தன. நல்ல மெட்டு, தேர்ந்த ஒலிப்பதிவு. இருபது வயதை எட்டாத பையன் செய்தது என்றால் வியப்புதான். முதல் படம் வெளிவருவதற்கு முன்பே பெரிய படங்களுக்கு இசையமைப்பாளராகிவிட்டார். அவர் வளரட்டும், எனக்கு அதில் ஒரு புகாரும் இல்லை. என் கவலை அவரைப் பார்த்துக் கிளம்பிய மற்றவர்கள் பற்றி. இப்போது வரும் பத்துப் பாட்டில் எட்டு, தயாரிப்பாளர் ஒருவரின் மேசைக்குப் போகும் விசிட்டிங் கார்டு. என்னைப் பார்த்துப் பாடுகிற மாதிரி இருக்கும். கண் என் தோளுக்குப் பின்னால் இருக்கும் ஆளைத் தேடும். கல்யாண வரவேற்பில் நம் கையைக் குலுக்கிக்கொண்டே அமைச்சர் வந்துவிட்டாரா என்று பார்ப்பவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அந்தக் கைகுலுக்கல் மாதிரி.

சென்னையில் ஒரு காபிக்கடை மாடியில் சுயாதீனப் பாடகர் ஒருவரின் நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு போனேன். பன்னிரண்டு பாட்டு பாடினார். நாலு அவருடையவை, எட்டு சினிமா. நாலில் ஒன்று, அவர் அப்பா ஓட்டிய டவுன் பஸ்ஸைப் பற்றியது. நிஜமாகவே நல்ல பாட்டு. அது நடந்துகொண்டிருக்கும்போது என் முன்னால் இருந்தவர்கள் போனைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ராஜா பாட்டு எடுத்ததும் எல்லாப் போனும் உயர்ந்தது, படம் பிடிக்க. முடிந்தபின் அவரிடம் பஸ் பாட்டைப் பற்றிச் சொன்னேன். "அதுக்கு நீங்க ஒருத்தர்தான் சார் சொல்றீங்க" என்றார். அதற்குப் பிறகு எனக்குக் காபி இறங்கவில்லை. குற்றம் பாடுகிறவர்மேல் மட்டும் இல்லை. கேட்கிற நாமும் ஆமாம் போடுவதை விட்டுவிட்டோம். இணையத்தில் நாம் எழுதும் 'வேற லெவல்' ஆமாம் கணக்கில் சேராது. அதை எழுதப் பாட்டைக் கேட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இந்த மனநிலையில்தான், முதலில் சொன்ன அந்தச் சிரிப்புப் படம், 'டூரிஸ்ட் ஃபேமிலி' பார்த்தேன். 2025 மே 1 அன்று சூர்யாவின் 'ரெட்ரோ'வோடு ஒரே நாளில் வந்த சின்னப் படம். இயக்குநர் அபிஷன் ஜீவிந்த் இருபதுகளில் இருக்கும் இளைஞர், இது முதல் படம். இலங்கைப் பொருளாதார நெருக்கடியில் பிழைக்க வழியில்லாமல் அப்பா, அம்மா, இரண்டு மகன்கள் இரவோடு இரவாகப் படகில் ராமேஸ்வரம் கரைக்கு வருகிறார்கள். பிடித்த காவலர் மனமிரங்கி விட்டுவிட, சென்னையில் ஒரு காலனியில் வாடகைக்குக் குடியேறுகிறார்கள். அம்மாவின் சகோதரனாக வரும் யோகி பாபு போடும் கட்டளை, அக்கம்பக்கத்தில் யாரிடமும் பேசாதீர்கள், இலங்கைத் தமிழில் வாயைத் திறக்காதீர்கள் என்பது. பேசாமல் இருக்கத் தெரியாத குடும்பம். அவ்வளவுதான் கதை; சிரிப்பு முழுவதும் அதிலிருந்து தானாக ஊறுகிறது.

நம் சினிமாவில் நகைச்சுவை நெடுங்காலம் தனிக்குடித்தனம் நடத்தியது. என்.எஸ். கிருஷ்ணன் காலத்திலிருந்தே சிரிப்புக்கென்று தனிக் குழு, தனிக் காட்சி. பின்னால் கதையில் ஒட்டிக்கொள்வார்கள். கவுண்டமணி – செந்திலுக்கு ஏ. வீரப்பன் தனியாக எழுதிக் கொடுத்தார்; 1989-இல் வந்த 'கரகாட்டக்காரன்' வாழைப்பழம் இன்னும் அழுகவில்லை. ஒரு வகையில் பார்த்தால் தமிழ் சினிமாவுக்குள் இருந்த உண்மையான சுயாதீனக் கலை காமெடி டிராக்தான். கதாநாயகன் செய்ய முடியாததையெல்லாம் அது செய்தது. ஆனால் அதில் அடி வாங்க எப்போதும் ஒருவன் வேண்டியிருந்தது: கறுப்பாக, குண்டாக, திக்குவாயாக ஒருவன். இந்தப் படத்தில் அடி வாங்க ஆள் இல்லை. 2000-இல் 'தெனாலி'யில் கமல் பேசிய ஈழத் தமிழைக் கேட்டாலே நமக்குச் சிரிப்பு வந்தது. இங்கே அந்தப் பேச்சு சிரிக்க வைக்கும் பொருளாக இல்லை. அதை மறைக்கப் படும் பாடுதான் சிரிப்பு. அரிவாளோடு பார்த்துப் பழகிய சசிகுமார் ஒரு சாதுவான அப்பாவாக, எதிரே வருகிறவரையெல்லாம் நலம் விசாரித்துக்கொண்டு நடக்கிறார். சிம்ரன் அந்த வீட்டுக்கு நிஜமாகவே சமைத்துப் போடுகிறவர் மாதிரி இருக்கிறார். சின்னவனாக வரும் கமலேஷ் இருக்கும் காட்சியில் பெரியவர்கள் கொஞ்சம் ஜாக்கிரதையாக நடிக்க வேண்டியிருக்கிறது.

காலனியில் யாரும் யாரோடும் பேசாமல் இருந்தவர்கள். ஒரு முதிய தம்பதியில் மனைவி இறந்துபோகும்போது, வந்து ஒட்டிக்கொண்ட இந்தக் குடும்பம்தான் எல்லாரையும் வீட்டைவிட்டு வெளியே இழுக்கிறது. பார்க்காதவர்கள் காதைப் பொத்திக்கொள்ளுங்கள், முடிவைச் சொல்லப்போகிறேன். காவல் துறை இவர்களைத் தேடிக் காலனிக்கு வரும்போது, அங்கே இருக்கிறவர்கள் தாங்களும் ஈழத் தமிழில் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். யார் எவர் என்று கண்டுபிடிக்க வழியில்லை. கொச்சையும் குளறுபடியுமான அந்த இரவல் ஈழத் தமிழைக் கேட்டு என் வீட்டம்மா சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்கு அண்ணாச்சியின் மைக் ஞாபகம் வந்தது. ஒருவன் கதை சொல்லி முடிக்கிறான், ஊரே ஆமாம் போடுகிறது.

படத்தில் குறை இல்லாமல் இல்லை. 2022 மார்ச் முதல் அரிச்சல்முனைப் பக்கம் வந்து இறங்கிய நிஜக் குடும்பங்கள் போய்ச் சேர்ந்த இடம் மண்டபம் முகாம். படம் அந்த முகாமை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. காவலர் ஒருவர் மனமிரங்கியதில் எல்லாம் கடந்துபோகிறது. யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர், நடிகர்களின் பேச்சு பாதி வழியில் மதுரைக்குத் திரும்பிவிடுகிறது என்றார். அவர் காது, அவர் தீர்ப்பு. மனிதர்கள் எல்லாரும் கடைசியில் நல்லவர்களாகிவிடுவதும் கொஞ்சம் சர்க்கரை தூக்கல். ஆனாலும் அந்தக் கடலைக் கடந்து வந்தவர்களை நம் ஆட்கள் என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்லிவிட்ட படம். 2021-இல் ஒரு ஆல்பம் பாட்டு செய்த வேலையை, 2025-இல் ஒரு வணிகப் படம் செய்கிறது. அதே கடல், அதே அகதித் துணிமூட்டை. அந்த நாலு வருட இடைவெளியில் ஆல்பம் பாட்டுகளின் பார்வை சினிமா ஆபீஸ் வாசலுக்குப் போய்விட்டது. சினிமாவுக்கு அடுத்த வீட்டு வாசல் தெரியத் தொடங்கியிருக்கிறது.

இன்னொன்று. இந்தப் படத்துக்கு இசை ஷான் ரோல்டன். அவரே சுயாதீன இசையிலிருந்து வந்தவர். நண்பர்களோடு குழு வைத்துப் பாடியவர். 2014-இல் 'வாயை மூடி பேசவும்', 'முண்டாசுப்பட்டி' என்று படங்களுக்கு வந்தார். சாண்டில்யனின் பேரன். 'கடல் புறா' எழுதியவரின் பேரன், கடல் தாண்டி வந்த குடும்பத்துக்கு இசையமைத்திருக்கிறார் என்பதை நான் ரசித்தேன், நீங்களும் ரசிக்கலாம். படத்தில் அவர் இசை தன்னைக் கவனி என்று எங்கும் கூவவில்லை. சிரிப்பு வரும் இடத்தில் டொய்ங் என்று ஓர் ஒலியைப் போட்டு நம்மை முழங்கையால் இடிக்கவில்லை. பல இடங்களில் சும்மா இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து 'அப்புறம்?' என்று கேட்பவர் மாதிரி. சினிமாவுக்குப் போனால் சுயாதீனம் போய்விடும் என்ற என் பழைய எண்ணத்தை இந்த ஒரு படத்துக்காக மாற்றிக்கொண்டேன். நிரந்தரமாகவா என்று கேட்காதீர்கள்.

மாணவர்களில் பாட்டு எழுதுகிறவர்கள் இருப்பீர்கள். உங்கள் அடுத்த பாட்டை வெளியிடுவதற்கு முன் ஒருமுறை நேரில், போன் இல்லாமல், உங்கள் தெருவில் யாராவது ஒருவருக்குப் பாடிக் காட்டுங்கள். பழக்கடைக்காரராக இருக்கட்டும், அத்தையாக இருக்கட்டும். 'அதெப்படி?' என்று அவர் ஓர் இடத்தில் கேட்டால், அந்த இடத்தை மட்டும் மறுபடி எழுதுங்கள்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். அண்ணாச்சி கொடை விழாக்களில் பதிந்த வில்லுப்பாட்டுக் கேசட்டுகள் நாற்பத்திரண்டை அவர் குடும்பத்தார் இந்தக் கல்லூரி நூலகத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். காலையில் போய்ப் பார்த்தேன். அட்டைகளில் அவர் கையெழுத்தில் ஊர்ப்பெயர், கோயில் பெயர், தேதி எல்லாம் இருக்கின்றன. சிலவற்றில் பூஞ்சை ஏறத் தொடங்கியிருக்கிறது. போட்டுக் கேட்க நூலகத்தில் கருவி இல்லை. உங்கள் யார் வீட்டுப் பரணிலாவது ஓடுகிற நிலையில் கேசட் பிளேயர் இருந்தால், தயவுசெய்து நூலகரிடம் கொண்டுவந்து கொடுங்கள். இந்த மழைக்காலத்துக்கு முன்பே கொடுத்தால் நல்லது.